படகு, பயிர், வெள்ளம்: குட்டநாட்டு அனுபவம்

(காவிரிக் கடைமடை உழவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஆறு எதற்கு என்று கேட்டால் நாம் உடனே பாசனத்துக்கு என்று சொல்வோம். நம் பாட்டனார் காலத்தில் ஆறும் கால்வாயும் சரக்குப் போகும் பாதையாகவும் இருந்தன. வேதாரண்யத்து உப்பு படகிலேறிக் கால்வாய் வழியாக நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. இன்று அந்தக் கால்வாயை வடிகாலாகத்தான் பெரும்பாலோர் அறிவார்கள். ஆனால் படகுப் போக்குவரத்தை மறுபடியும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்துள்ளது. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 111 நீர்வழிகள் தேசிய நீர்வழிகளாக அறிவிக்கப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலில் நம் காவிரி-கொள்ளிடமும் இடம்பெற்றுள்ளது.

பட்டியலில் இருப்பதாலேயே நாளைக்குப் படகு வந்துவிடாது. ஆனாலும் ஆற்றில் படகு ஓட்டினால் பயிருக்கு என்ன ஆகும், வெள்ளத்துக்கு என்ன ஆகும், மீனுக்கு என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் குட்டநாடு இருக்கிறது. நெல்லும் படகும் மீனும் வெள்ளமும் ஒரே தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர் அது. இன்று அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

கடல்மட்டத்துக்குக் கீழே நெல்

குட்டநாடு ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் மலையிலிருந்து வேகமாக இறங்கி இந்தத் தாழ்நிலத்தை அடைந்து வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. இங்குள்ள வயல்களில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு அரை மீட்டர் முதல் இரண்டரை மீட்டர் வரை தாழ்வானவை. வயலைச் சுற்றி மண்கரை. கரைக்கு வெளியே கால்வாயில் படகு போகும். கரைக்கு உள்ளே, படகின் அடிமட்டத்தை விடத் தாழ்வாக நெல் நிற்கும். உப்புத்தன்மை ஏறக்கூடிய இத்தகைய நிலத்தில் வேளாண்மை செய்யும் முறையைப் பாராட்டி, உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் இதை உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நமக்கு வயலுக்குத் தண்ணீர் வைப்பது வேலை. அவர்களுக்கு வயலிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவது வேலை. ஒரே கரைக்குள் அடங்கிய வயல் தொகுதியைப் பாடசேகரம் என்கிறார்கள். அதிலுள்ள உழவர்கள் அனைவரும் ஒன்றுசேர்ந்துதான் தண்ணீர் இறைக்க முடியும். ஒருவர் மட்டும் தன் இரண்டு ஏக்கரைத் தனியாக வடித்துவிட முடியாது. மரப்பெட்டிக்குள் விசிறி சுழன்று தண்ணீரைத் தள்ளும் 'பெட்டியும் பறையும்' என்னும் சாதனம் இதற்கென்றே அங்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

இனி படகுக்கு வருவோம். பலகைகளை ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டிய கெட்டுவள்ளங்கள் ஒரு காலத்தில் நெல்லும் கொப்பரையும் கயிறும் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கும் ஆலப்புழைக்கும் போய் வந்தன. பெரிய வள்ளம் 30 டன் வரை சுமக்கும். சாலையும் லாரியும் வந்தபின் சரக்கு கரையேறிவிட்டது; வள்ளங்கள் பல சுற்றுலாப் பயணிகள் தங்கும் வீட்டுப்படகுகள் ஆயின. 1993இல் கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரையுள்ள நீர்வழியும் கொச்சியருகே உள்ள இரண்டு கால்வாய்களுமாக 205 கிலோமீட்டர், மூன்றாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது.

படகில் சரக்கு அனுப்புவதால் என்ன இலாபம்? ஒரு குதிரைத்திறன் சாலையில் 150 கிலோ எடையை நகர்த்தும். இரயில்பாதையில் 500 கிலோ. நீரில் 4,000 கிலோ என்பது நீர்வழித் துறையினர் காட்டும் கணக்கு. எரிபொருள் விலையை எண்ணிப் பார்த்தால் படகை ஒதுக்கிவிட முடியாது. நெல், உரம், செங்கல், மணல் போன்ற கனமான, அவசரமில்லாத சரக்குகளுக்கு அது ஏற்றது. காய்கறிக்கும் பாலுக்கும் ஏற்றதல்ல. ஏற்றி இறக்கும் கூலி இரண்டு தடவை ஆகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இதைச் சொல்லாமல் படகின் பெருமையை மட்டும் பேசுவது சரியன்று.

ஒரு கதவு, மூன்று பேர்

குட்டநாட்டின் சிக்கல் முழுவதையும் புரிந்துகொள்ளத் தண்ணீர்முக்கம் என்ற ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். கோடையில் ஆறுகளில் நீர்வரத்துக் குறைந்ததும் கடல்நீர் கொச்சி முகத்துவாரம் வழியாகக் காயலுக்குள் ஏறும். உப்புநீர் வயலுக்குள் கசிந்தால் புஞ்சைப் பயிர் போயிற்று. குட்டநாட்டில் புஞ்சை என்பது தண்ணீரை இறைத்துவிட்டுச் செய்யும் முதன்மையான நெற்பயிர். நம் ஊர்ப் புன்செய் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பயிரைக் காக்கக் காயலின் குறுக்கே ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் நீளத்தில் கதவுகள் வைத்த தடுப்பணை கட்டினார்கள். அது 1976இல் பயன்பாட்டுக்கு வந்தது. டிசம்பர் 15இல் கதவை இறக்குவது, மார்ச் 15இல் தூக்குவது என்பது ஏற்பாடு.

உழவருக்கு இது பெரிய நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கதவை மூடியதும் மற்றவை என்ன ஆயின?

நன்னீர்ப் பேரிறால் ஒன்று உண்டு. குட்டநாட்டு மீனவருக்கு நல்ல விலை தரும் இனம். அது வளர்வது நன்னீரில்; ஆனால் அதன் குஞ்சுகள் உவர்நீரில்தான் பிழைக்கும். பெரிய இறால் கீழே இறங்கவும் குஞ்சுகள் மேலே ஏறவும் வழி வேண்டும். குறுக்கே கதவு நின்றால் அந்த வழி அடைபடும். காயலில் கிடைக்கும் கறுப்பு மட்டிக்கும் ஓரளவு உப்பு தேவை. அணைக்குத் தெற்கே மட்டி குறைந்தது. மட்டி வாரிப் பிழைத்தவர்கள் வடக்கே போக வேண்டியதாயிற்று.

அடுத்தது ஆகாயத் தாமரை. உப்புநீர் பட்டால் ஆகாயத் தாமரையும் அங்கே ஆப்பிரிக்கப் பாசி என்று சொல்லப்படும் மிதக்கும் களையும் செத்துப்போகும். முன்பெல்லாம் கோடைதோறும் கடல்நீரே வந்து கால்வாய்களைக் களையெடுத்துவிட்டுப் போனது. கதவை மூடியபின் அந்த இலவசக் களையெடுப்பு நின்றது. களை கால்வாயை மூடியது. படகின் விசிறியில் களை சுற்றிக்கொண்டால் படகு நகராது. பிறகு மழை வந்ததும் அதே களை மதகுகளிலும் பாலத்தடியிலும் அடைத்துக்கொண்டு வெள்ளத்தை வடியவிடாது. வயலிலிருந்து இறைத்துவிடும் உரமும் மருந்தும் தேங்கிய தண்ணீரிலேயே சுற்றி வரும். நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் குடிநீரைப் படகில் கொண்டுவந்து ஊற்றும் நிலை ஏற்பட்டது.

படகுக்காரருக்குக் கதவால் நேரடித் தடை பெரிதில்லை. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீர்மட்டத்தைச் சமன் செய்து மறுபக்கம் விடும் 'லாக்' என்ற ஏற்பாடு அங்கே உண்டு. தெற்கே திருக்குன்னப்புழையிலும் உண்டு. படகுக்காரருக்கு எதிரி கதவன்று. கதவு மூடியிருக்கும் நாட்களில் பெருகும் களைதான்.

அப்படியானால் கதவையே எடுத்துவிடலாமே என்று மீனவர் கேட்கிறார்கள். ஓராண்டு முழுவதும் திறந்துவைத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் எழுந்ததுண்டு. உழவர் ஒப்பவில்லை. உழவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இடத்தில் நாம், உழவராகிய நாம், கொஞ்சம் மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மங்கொம்பு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'உமா' இரகம் குட்டநாட்டில் மிகுதியாகப் பயிரிடப்படுகிறது. வயது சுமார் 120 நாள். நவம்பர் 15இல் விதைத்தால் மார்ச் 15இல் அறுவடை. கதவைத் தூக்கும் நாளும் அதுதான். எல்லாப் பாடசேகரமும் நவம்பர் பாதிக்குள் விதைத்துவிட்டால் கதவு குறித்த நாளில் திறக்கும். இறால் குஞ்சு மேலே ஏறும், களை சாகும், படகு போகும், உழவருக்கும் ஒரு மணி நெல்கூட நட்டமில்லை.

நடப்பது வேறு. சில பாடசேகரங்கள் மழைக்காலத்தில் இன்னொரு போகம் எடுக்கின்றன. அந்த அறுவடை அக்டோபர், நவம்பர் வரை இழுக்கிறது. வேறு சிலவற்றில் பம்பு பழுது, கரை உடைப்பு, கூலித் தகராறு. இவர்கள் டிசம்பர் பாதியில் விதைத்தால் அறுவடை ஏப்ரல் பாதிக்குப் போகும். அதுவரை 'எங்கள் பயிர் நிற்கிறது, கதவைத் திறக்காதே' என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் தவறில்லை. பூக்கும் பருவத்தில் உப்பு ஏறினால் பதர்தான் மிஞ்சும். ஆனால் முந்தி விதைத்தவர் அறுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, பிந்தி விதைத்த ஒருசில பாடசேகரங்களுக்காக முழுக் காயலும் இன்னொரு மாதம் மூடிக்கிடக்கிறது. இதனால்தான் மார்ச் 15 என்பது பல ஆண்டுகளில் ஏப்ரலாக நீண்டுவிட்டது.

டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதனை நீங்கள் அறிவீர்கள். பிறந்தது நம் கும்பகோணத்தில். அவருடைய பூர்வீக ஊர் குட்டநாட்டு மங்கொம்பு. அவர் தோற்றுவித்த ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் குட்டநாட்டைப் பற்றி விரிவான அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் மத்திய அரசு 2008இல் ரூபாய் 1,840 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கியது. அந்த அறிக்கை வற்புறுத்தியவற்றுள் ஒன்று பயிர் நாட்காட்டி: எந்தத் தொகுதி எப்போது இறைப்பது, எப்போது விதைப்பது என்று ஊர்கூடி முடிவு செய்து அதன்படி நிற்பது. கோடிக்கணக்கில் பணம் கேட்கும் வேலைகளுக்கு நடுவே, பணம் அதிகம் கேட்காத வேலை இது. ஆனால் இதுதான் செய்து முடிக்கக் கடினமானதாக இருக்கிறது.

வெள்ளத்துக்கு வழி

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1924ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் சொல்வார்கள். கொல்லம் ஆண்டு 1099இல் வந்தது. அதற்கடுத்துப் பெரியது 2018 ஆகஸ்டில் வந்தது. குட்டநாடு ஏறத்தாழ முழுவதும் காலி செய்யப்பட்டது. சாலைகள் மூழ்கியபோது மக்களைக் கரைசேர்த்தது படகுகளே.

வெள்ளத்தைக் குறுக்குவழியில் கடலுக்கு விட 1955லேயே தோட்டப்பள்ளியில் 40 கதவுகளோடு ஒரு வெள்ளப்போக்கி கட்டியிருந்தார்கள். நம் ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி. வினாடிக்கு 64,000 கன அடி போகும் என்பது திட்டம். உண்மையில் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. காரணம் கதவுகளில் இல்லை. கதவுக்குத் தண்ணீரைக் கொண்டுவரும் கால்வாயை நினைத்த அகலத்துக்கு வெட்டவில்லை. கடல்பக்கம் மணல்திட்டு முகத்தை அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்குப் பெரிய வாசல் வைத்துவிட்டு நடையை ஒற்றையடிப் பாதையாக விட்டதைப் போல.

அந்தக் கால்வாயை அகலப்படுத்தினால் வெள்ளம் வடியும். படகுக்கும் நல்ல வழி. ஆனால் கரையோரத்தவர் நிலமும் வீடும் விட்டுக்கொடுக்க வேண்டும். அகலப்படுத்திய கால்வாய் வழியாகக் கோடையில் உப்புநீர் உள்ளே ஏறாதபடி கதவுகளையும் பழுதின்றி வைத்திருக்க வேண்டும். முகத்தில் மணலை அள்ளுவதைக் கடற்கரை மக்கள், கரை அரித்துவிடும் என்று அஞ்சி எதிர்த்தார்கள். என் கருத்தைக் கேட்டால், உரிய விலை கொடுத்து நிலத்தை எடுத்துக் கால்வாயை அகலப்படுத்துவது முதலில் நடக்க வேண்டும். மணல் விஷயத்தில் எவ்வளவு, எப்போது என்பதை ஊராருக்குக் கணக்குக் காட்டிச் செய்ய வேண்டும். நிலம் கொடுப்பவர் நாலைந்து பேர், பயன் பெறுபவர் இலட்சம் பேர் என்று சொல்லிக் கொடுப்பவர் வாயை அடைக்கக் கூடாது.

தண்ணீர்முக்கம் அணையிலும் இப்படி ஒரு குறை இருந்தது. பணம் போதாமல் நடுப்பகுதியை மண்ணணையாகப் போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் இருபக்கக் கதவுகளைத் திறந்தாலும் நடுவில் மண் மறித்து நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, அங்கும் கதவுகள் அமைத்து, 2018 வெள்ளத்துக்குப் பின்னரே மண்ணணை அகற்றப்பட்டது. ஆலப்புழை-சங்கனாச்சேரிச் சாலையும் வெள்ளத்துக்குக் குறுக்கே மண்கரையாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் வெட்டத் தொடங்கிய கால்வாய் முழுத் தொலைவுக்கும் போய்ச் சேரவில்லை. இப்போது அந்தச் சாலையைச் சில இடங்களில் தூண்கள்மேல் உயர்த்தியிருக்கிறார்கள். பாலம் உயர்ந்தால் அடியில் படகும் போகும், வெள்ளமும் போகும்.

சேறும் கரையும்

படகு வழிக்காகக் கால்வாயைத் தூர்வாருவார்கள். வாரிய சேற்றை என்ன செய்வது? பழைய காலத்துக் குட்டநாட்டார் காயலின் அடியிலிருந்து மூழ்கி எடுத்த களிமண்ணைக் கொண்டுதான் வயல்கரை போட்டார்கள். வழியும் ஆழமாயிற்று, கரையும் உயர்ந்தது. இன்றைக்கும் அது நல்ல முறையே. ஆனால் ஓர் எச்சரிக்கை. அப்பகுதியின் சில மண்களில் கந்தகச் சேர்மம் மிகுதி. நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. வெளியே எடுத்துக் காயவிட்டால் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகும். அத்தகைய சேற்றை உரமென்று வயலில் பரப்பியவர் பயிர் சிவந்து கருகுவதைப் பார்க்க நேரிடும். நம் கடலோர வாய்க்கால்களில் தூர்வாரும்போதும் கறுத்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சேறு வந்தால் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்காமல் வயலில் போடாதீர்கள். கரைக்குப் போடுங்கள், அதுவும் மழைநீர் அதிலிருந்து வயலுக்குள் வழியாதபடி வெளிச்சரிவில்.

படகு வேகமாகப் போனால் எழும் அலை மண்கரையை அறுக்கும். விசைப்படகு பெருகியபின் பாடசேகரக் கரைகள் பழுதாவது அங்குள்ள உழவரின் நெடுநாளைய முறையீடு. கல்கட்டு போடலாம், செலவு அதிகம். முன்னோர்கள் கரையோரம் தாழை நட்டார்கள். வேர் மண்ணைப் பிடித்தது, அலையும் அடங்கியது, மீன் முட்டையிட நிழலும் கிடைத்தது. குறுகிய கால்வாய்களில் படகின் வேகத்துக்கு வரம்பு வைத்து, கரையில் தாழை வைத்தால் கல்லுக்குச் செலவிடும் பணத்தில் பாதி மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

அறுவடை முடிந்தபின் அவர்கள் வயலுக்குள் தாங்களே தண்ணீர் விடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பருவமழை வெள்ளம் வயலில் நின்று வண்டலைப் படியவிடும். உப்பையும் அமிலத்தையும் கழுவிக்கொண்டு போகும். வயல் அப்போது ஏரியாக வேலை செய்கிறது. ஆண்டு முழுவதும் எல்லா வயலையும் கரைகட்டிக் காப்பேன் என்று நின்றால் அந்தத் தண்ணீர் வேறெங்கே போகும்? பக்கத்து ஊர் வீட்டுக்குள்தான் போகும்.

நம் பக்கத்தில்

நம் கடைமடையிலும் கடல்நீர் ஏறாமல் தடுக்கும் ரெகுலேட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் கதவுகள் எந்த நாளில் மூடுகின்றன, எந்த நாளில் திறக்கின்றன, யார் சொல்லித் திறக்கிறார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாசன சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். அதே கூட்டத்துக்கு மீனவர் சங்கத்திலிருந்தும் ஒருவரை அழையுங்கள். அவர்கள் வராமல் போடும் தேதி நிற்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வடிகாலில் உள்ள ஆகாயத் தாமரையையும் காட்டாமணக்கையும் வாரிக் கரையேற்றுங்கள். பூப்பதற்கு முன் வாரிய ஆகாயத் தாமரையை நறுக்கிச் சாணக் கரைசல் தெளித்துக் குவித்தால் மக்கிய உரமாகும். தாழ்ந்த வயல்காரர்கள் ஒன்றுகூடி ஒரே வாரத்தில் விதைக்கவோ நடவோ முடிவு செய்யுங்கள். பிந்தும் ஒருவருக்காக நூறு பேர் வடிகால் கதவடியில் சண்டை போட வேண்டியிராது. படகு வந்தாலும் வராவிட்டாலும் இவை பலன் தரும்.

இன்னொன்று. குட்டநாட்டுப் புஞ்சையை அறுக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் அறுவடை இயந்திரங்கள் போகின்றன. நம் சம்பா அறுவடை முடிந்ததும் மலைதாண்டிப் போய், அங்கே தட்டைப்படகில் ஏறி வயலுக்குள் இறங்குகின்றன. இயந்திரம் ஒரு வாரம் பிந்தினால் அங்கே அறுவடை பிந்தும், கதவும் பிந்தும். உங்கள் ஊர் இயந்திர ஓட்டுநர் யாராவது அங்கே போய்த் திரும்பினால் டீக்கடையில் உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்தப் பாடசேகரம் எப்போது விதைத்தது, யாருக்காக யார் காத்திருந்தார்கள், தண்ணீர்முக்கம் எந்தத் தேதியில் திறந்தது என்று. நான் சொன்னதைவிட அவர் தெளிவாகச் சொல்வார்.